“எங்க சிஸ்டத்துல வரலையே சார்!”

மாதக் கடைசி. பில் போடும் மென்பொருள் திடீரென உறைந்து நிற்கிறது. கடைக்காரர் போன் போடுகிறார். மறுமுனையில் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, “எங்க சிஸ்டத்துல வரலையே சார்” என்கிறார்கள். புகார் அத்தோடு மூடப்படுகிறது. மெக்கானிக் கடை வாசலுக்குப் போனதும் வண்டியின் சத்தம் நின்றுவிடும் கதைதான்.

அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. சிக்கலே அதுதான்.

இன்றைய மென்பொருள் பல வேலைகளைத் தனித்தனி ‘த்ரெட்’களாக ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. ஒன்று திரையைக் கவனிக்கும், ஒன்று கோப்பைச் சேமிக்கும், இன்னொன்று பிரிண்டருக்கு அனுப்பும். அடுப்படியில் இரண்டு பேர் நிற்பது போல. ஒருவர் சாம்பாரை ருசி பார்க்கிறார், உப்பில்லை. டப்பாவை எடுக்கத் திரும்புகிறார். அதற்குள் மற்றவரும் ருசி பார்த்துவிடுகிறார். இருவருமே உப்புப் போடுகிறார்கள். மறுநாள் அதே இருவர், அதே அடுப்பு, சாம்பார் பிரமாதமாக இருக்கும். ஒரு நொடி முன்னே பின்னே ஆனதுதான் வித்தியாசம்.

இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. நிரலாளர் தன் மேசையில் ஓட்டிப் பார்ப்பதும் வாடிக்கையாளர் கைக்குப் போவதும் பல சமயம் ஒன்றல்ல. முன்னது ‘டீபக்’ பில்ட். பின்னது ‘ரிலீஸ்’ பில்ட். மூல நிரல் ஒன்றுதான், அதை ஓடும் மென்பொருளாக மாற்றும் கம்பைலருக்குக் கொடுக்கும் அமைப்புகள் வேறு. ரிலீஸில் கம்பைலர் வேகத்துக்காகக் குறுக்குவழி தேடும். ‘நிறுத்து’ என்று ஒரு த்ரெட் சொல்லும்வரை இன்னொன்று சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்குள் அந்த மதிப்பை யாரும் மாற்றவில்லையே என்று கணக்குப் போட்டு, கம்பைலர் அதை ஒரே முறை படித்து வைத்துக்கொள்ளலாம். சரியான பாதுகாப்பு எழுதப்படாவிட்டால், சி++ மொழியின் விதிப்படி அதற்கு அந்த உரிமை உண்டு. பிறகு ‘நிறுத்து’ என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் விழாது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க நிரலாளர் நடுவில் ஒரு பிரிண்ட் வரி சேர்ப்பார். உடனே எல்லாம் சரியாக ஓடும்! கவனிக்கப் போனாலே மறையும் இந்த ரகப் பிழைக்கு, இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை நினைத்து, ‘ஹைசன்பக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

‘வரலையே’ என்ற ஒரு சொல்லுக்கு உயிரே விலையானதும் உண்டு. 1986 மார்ச் 21, டெக்சாஸின் டைலர் நகரிலுள்ள புற்றுநோய் மையம். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்திலிருந்து ஒரு நோயாளி மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள், கோளாறு வரவில்லை. இயந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. ஏப்ரல் 11 அன்று இன்னொருவருக்கும் அதே கதி. இருவருமே இறந்தார்கள். மையத்தின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய பெண்ணும்தான் உட்கார்ந்து அதைப் பிடித்தார்கள்: தவறாக அடித்த ஓர் எழுத்தைத் திருத்தி, 8 விநாடிக்குள் முடித்தால் கோளாறு வரும். பழகிய விரல்களின் வேகத்தில் மட்டும் தலைகாட்டிய பிழை.

செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் கலத்தின் கதை வேறு மாதிரி. 1997 ஜூலையில் இறங்கிய சில நாட்களில் அதன் கணினி தானாக மறுதொடக்கம் ஆனது. புறப்படும் முன்பே எட்டிப் பார்த்து, தேடியபோது கைக்குச் சிக்காமல் போன பிழை அது. ஆனால் மென்பொருள் ஓடும் விதத்தைப் பதிவு செய்யும் கருவிகளைக் கலத்தின் மென்பொருளிலேயே விட்டு வைத்திருந்தார்கள். பூமியிலிருந்த நகலில் ஓட்டிப் பார்த்துக் காரணம் கண்டார்கள். முன்னுரிமை குறைந்த த்ரெட் பிடித்திருந்த பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்தது காத்துக் கிடந்தது. அணைத்து வைத்திருந்த ஓர் அமைப்பை இயக்க உத்தரவு அனுப்பினார்கள்; தீர்ந்தது.

வாடிக்கையாளருக்குப் போகும் அதே ரிலீஸ் பில்ட்டைத்தான் சோதனைப் பிரிவும் ஓட்ட வேண்டும் என்பதை நிறுவனங்கள் விதியாக்கினால் என்ன? த்ரெட்கள் மோதும் இடத்தைக் காட்டும் ‘த்ரெட்சானிடைசர்’ இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஓட்டினால் மென்பொருள் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும் என்பது உண்மை. இரவில் சும்மா கிடக்கும் அலுவலகக் கணினிகளுக்கு அது ஒரு பாரமா? வருடாந்தரப் பராமரிப்புக்கு என்று கடைக்காரரிடம் பணம் வாங்குகிறவர்கள், புகாரை மூடுவதற்கு முன் இரண்டு கேள்வியாவது கேட்கலாம்: உங்கள் கணினியில் எத்தனை கோர்? உறைந்த நொடியில் எந்தப் பட்டனை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள்?