பாதிப்பு வேறு, பறிப்பு வேறு

"எந்த ஓவியன்தான் இன்னொருவரைப் பார்த்துக் கற்கவில்லை? மனிதன் செய்தால் பாதிப்பு, கணினி செய்தால் மட்டும் களவா?"

செயற்கை நுண்ணறிவு தயாரித்த படங்களைச் சஞ்சிகை அட்டைகளிலும் கவிதை நூல்களிலும் போட்டுக்கொள்ளும் நம்மவர்கள், யாராவது கேள்வி எழுப்பினால் எடுத்து வீசும் வாதம் இது. நியாயம் போலத்தான் தோன்றும். பாதிப்பு என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு.

அவுஸ்திரேலிய ஓவியர் ஷோன் டானை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை மலேசியாவிலிருந்து அங்கு குடியேறியவர். 2006இல் வெளிவந்த 'தி அரைவல்' என்ற அவரது நூலின் கதையில் வாசிக்கத்தக்க ஒரு சொல்கூடக் கிடையாது. மனைவியையும் மகளையும் பிரிந்து, மொழி புரியாத நகரமொன்றுக்குப் பெட்டியோடு போய்ச் சேரும் ஒருவனின் கதை, பென்சில் சித்திரங்களாலேயே சொல்லப்படுகிறது. ரொரன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் வாழும் எம்மவர்கள் விளக்கவுரை இல்லாமலே படித்துவிடக்கூடிய நூல் அது. அதன் இறுதியில் உள்ள ஓவியரின் குறிப்பைப் பாருங்கள். நியூயோர்க்கின் எலிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளின் பழைய புகைப்படங்கள், டி சிக்காவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' திரைப்படம் (1948), குஸ்தாவ் டோரே வரைந்த லண்டன் காட்சி, டொம் ரொபர்ட்ஸ் 1886இல் தீட்டிய கப்பல் பயணிகளின் ஓவியம் என்று, எங்கெங்கிருந்து பெற்றார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். கடன் வாங்கியவர், கொடுத்தவரின் பெயரைச் சொல்கிறார். வாங்கியதை அப்படியே திருப்பி விற்கவும் இல்லை. அந்தப் பழைய புகைப்படங்கள் அவரது கையில், விசித்திரப் பிராணிகளும் புரியாத எழுத்துகளும் நிறைந்த ஒரு புது நகரமாக மாறிவிட்டன.

பிரெஞ்சு ஓவியர் மோபியஸும் (1938–2012) ஜப்பானின் மியாசாக்கியும் ஒருவரிடம் மற்றவர் பெற்ற பாதிப்பை மறைத்ததில்லை. மோபியஸ் தன் மகளுக்கு மியாசாக்கியின் கதாநாயகி நௌசிக்காவின் பெயரையே வைத்தார். 'கல்கி'யில் பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த கோடுகள், மகன் மணியம் செல்வனிடம் வந்து வேறொன்றாக வளர்ந்ததைத் தமிழ் வாசகர்கள் கண்ணெதிரே கண்டவர்கள்.

இயந்திரத்தின் கதை வேறு. 2022 ஓகஸ்டில் வெளியான 'ஸ்டேபிள் டிஃபியூஷன்', இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. வரைந்தவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. போலந்தைச் சேர்ந்த கிரெக் ருட்கோவ்ஸ்கி, தைலவண்ணச் சாயலில் டிராகன்களையும் போர்க்களங்களையும் வரைபவர். 'இவர் பாணியில்' என்று அவரது பெயரைக் கட்டளையாகத் தட்டச்சு செய்து, குறுகிய காலத்தில் பல்லாயிரம் படங்களை உற்பத்தி செய்தார்கள். கொரிய ஓவியர் கிம் ஜங் கி, பென்சிலால் முன்கோடு எதுவும் போடாமல் சுவரளவு சித்திரங்களை நினைவிலிருந்தே வரைந்த மனிதர். 2022 ஒக்டோபர் 3ஆம் திகதி பாரிஸில் காலமானார். எட்டுச் செலவு முடியும் முன்னரே, அவரது படங்களைக் கொண்டு பயிற்றிய இயந்திர மாதிரியொன்று இணையத்துக்கு வந்துவிட்டது.

இடும் கட்டளையில் ஓவியரின் பெயர் இருக்கிறது. வெளிவரும் படத்தில் இல்லை. இதையும் பாதிப்பு என்பவர்கள், ஷோன் டானின் அந்தக் குறிப்புக்கு ஈடாக எதைக் காட்டுவார்கள்?

2025 மார்ச்சில் நடந்த கூத்தும் நினைவிருக்கும். மியாசாக்கியின் ஜிப்லி பாணியில் கல்யாணப் படங்களையும் கோயில் திருவிழாக்களையும் மாற்றிப் போட்டு மகிழ்ந்தவர்களில் நம்மவர்களும் ஏராளம். 2016இல் கணினி தானாக உருவாக்கிய அசைவுக் காட்சியொன்றைக் காட்டியபோது, அது உயிருக்கே அவமதிப்பு என்று முகத்துக்கு நேரே கண்டித்தவர் அந்த மியாசாக்கி.

இந்த அலட்சியம் கணினியோடு வந்ததல்ல. தமிழ்ப் பதிப்புலகில் அச்சகத்துக்குப் பணம் உண்டு, நூல் கட்டுபவருக்குப் பணம் உண்டு. அட்டைப்படம் வரைந்தவருக்கோ பல வேளைகளில் இரண்டு பிரதிகளும் ஒரு நன்றியும்தான். அந்த நன்றிகூட இல்லாத நூல்கள் எத்தனை! ஈழத்து நூல்கள் பலவற்றுக்கு அட்டை வரைந்த ரமணியின் கோட்டை, கையொப்பம் பாராமலே இனங்காணும் வாசகர்கள் இருந்தார்கள். 1963இல் 'சிரித்திரன்' தொடங்கிய சிவஞானசுந்தரத்தின் சவாரித் தம்பர், யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதரை அருகிருந்து பார்த்தவரின் கையில் பிறந்தவர். அந்தத் தம்பருக்கு ஒரு பேரனை வரைந்து தா என்று இயந்திரத்திடம் கேட்டுப் பாருங்கள். தலைப்பாகை கட்டிய பொம்மையொன்றை நீட்டும்.

பணமில்லாத பதிப்பாளர் என்ன செய்வார் என்று அடுத்துக் கேட்பார்கள். வெறும் எழுத்து மட்டும் கொண்ட அட்டையைப் போடட்டும். நமது சிறுசஞ்சிகைகள் அவ்வாறே எத்தனையோ நல்ல இதழ்களைக் கொண்டுவந்தன. பணமுள்ளவர்கள், அதிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா நடத்துபவர்கள், அந்த வாடகையில் ஒரு பங்கையேனும் ஓவியருக்குக் கொடுத்து, பதிப்பு விபரப் பக்கத்தில் அவர் பெயரையும் அச்சிடட்டும். இயந்திரப் படம்தான் வேண்டுமென்றால், 'அட்டைப்படம்: இயந்திரம்' என்று அதே பக்கத்தில் எழுதும் துணிவாவது அவர்களுக்கு இருக்கவேண்டும்.