சீம்பால் யாருக்கு?

பசு ஈன்ற செய்தி பரவியதும் அவ்வீட்டிற்குப் பாத்திரத்துடன் வருவோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அவர்கள் நாடி வருவது சீம்பால். கடும்பு என்றும் அதனை வழங்குவர். கருப்பட்டியோ வெல்லமோ கலந்து, ஏலப்பொடி தூவி ஆவியில் வேகவைத்தால், அது வில்லையாக வெட்டியெடுக்கத்தக்க இனிப்பாகிறது. அண்டை வீடுகளுக்குச் செல்லும் அந்தக் கிண்ணத்தில் உறவின் இனிமை இருக்கிறது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்தப் பங்கீட்டில் முதலில் நிற்க வேண்டிய கன்று, பல தொழுவங்களில் இறுதியில் நிற்கிறது.

நாள்தோறும் கறக்கும் பாலை ஆவியில் வைத்தால் கட்டியாவதில்லை. சீம்பால் மட்டும் உறைவானேன்? அதில் புரதம் மிகுதி. அப்புரதத்தில் கணிசமான பங்கு, இம்யூனோகுளோபுலின் எனப்படும் நோய் எதிர்ப்புப் புரதமாகும். நல்ல சீம்பாலில் அது லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாது. வில்லை கட்டியாக உறையத் துணைசெய்யும் அதே பொருள்தான் கன்றின் உயிரையும் காக்கிறது. அடுப்பில் ஏறியதும் அதன் காக்கும் ஆற்றல் அழிந்துவிடும்.

மனிதக் குழந்தை கருவறையில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு இடந்தருவதில்லை. ஆதலால், கன்று ஏறத்தாழக் காப்பு எதுவுமின்றிப் பிறக்கிறது. சாணமும் ஈரமும் கலந்த தரையில் கிருமிகளோ முன்னரே காத்திருக்கின்றன. தன் உடலே போதிய எதிர்ப்பாற்றலை ஆக்கிக்கொள்ளக் கன்றுக்குச் சில வாரங்கள் தேவை. அந்த இடைக்காலத்தைக் கடத்தும் தெப்பம் சீம்பாலே. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. பிறந்த கன்றின் குடற்சுவர், பெரிய புரத மூலக்கூறுகளைச் சிதைக்காமல் குருதிக்குள் விடுவது சில மணி நேரமே. முதல் 6 மணி நேரத்திற்குப் பின் அத்திறன் விரைந்து குறைகிறது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முற்றிலும் நின்றுவிடுகிறது. மறுநாள் வாளி நிறையச் சீம்பால் கொடுத்தாலும், அது நல்ல உணவாகுமேயன்றிக் குருதியில் சேரும் காப்பாகாது. வெள்ளைக் கழிச்சலுக்கும் நுரையீரல் அழற்சிக்கும் இரையாகும் கன்றுகள் பலவற்றின் கதை, இந்த முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

'இளங்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம்' என்று காத்திருக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. பசுவுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்னும் அச்சமே அதன் வேர். கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்தின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆனால், கொடி விழ 12 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்று பெறவேண்டியதன் பெரும்பகுதி கைநழுவிப் போகும். மேலும், கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது பசுவின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின், கருப்பையைச் சுருங்கச் செய்து கொடி வெளியேறவே உதவுகிறது. சீம்பால் குடித்தால் கன்றுக்குக் கழிச்சல் வரும் என்பதும் பிழையான கணிப்பே. முதல் மலம் எளிதாக வெளியேறச் சீம்பால் துணைசெய்வதைக் கண்டோர் அதனை நோயெனக் கருதியிருக்கலாம்.

கலப்பினக் கறவை மாட்டுப் பண்ணைகளில் கன்றைப் பிறந்தவுடன் பிரித்துப் புட்டியில் ஊட்டும் முறை பரவி வருகிறது. பிரிப்பது அறமா என்பது தனியே வழக்காடத்தக்கது. பிரித்த பின்னர், தாய்மடியின் கடமை முழுவதும் வளர்ப்பவர் கையில் வந்து சேர்கிறது என்பதில் மட்டும் வழக்கில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக்கணக்கு. 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு 3 லிட்டர் வேண்டும். அதில் பாதியையேனும் முதல் 2 மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். பால் உடற்சூட்டின் அளவில், ஏறத்தாழ 39 பாகை செல்சியசில் இருத்தல் நன்று. விரைவில் முடிக்க எண்ணிப் புட்டிக் காம்பின் துளையைப் பெரிதாக்குவோர் உண்டு. அவ்வாறு பாயும் பால் மூச்சுக்குழலில் புகுந்து கன்றையே கொன்றுவிடக்கூடும். கழுத்தைச் சற்றே நீட்டித் தானாக உறிஞ்சும்போதுதான் உணவுக்குழல் பள்ளம் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் இரைப்பைக்கு அனுப்புகிறது.

காளைக்கன்று எனில் இந்தப் பொறுமையும் கிடைப்பதரிது. பால் தராத உயிருக்குப் பாலைச் செலவிடுவானேன் என்ற எண்ணமே காரணம். ஆனால், ஈன்ற முதல் சில நாள்களின் பாலைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்குவதில்லை. கலப்பினப் பசு சுரக்கும் சீம்பாலோ பெரும்பாலும் கன்றின் தேவையை விஞ்சி நிற்கும். கன்றுக்கு முதலில் ஊட்டிய பின்னும் வீட்டாருக்கு வில்லை கிடைக்கும். பூசல் அளவைப் பற்றியதன்று, நேரத்தைப் பற்றியதே.

ஈன்றவுடன் தாய் இறப்பதும் மடிநோயால் பால் கெடுவதும் உண்டு. அதற்கென எஞ்சிய சீம்பாலை உறைய வைத்தால் ஓராண்டு வரை பயன்படும். உருக்கும்போது அடுப்பில் வைத்தலாகாது. 50 பாகை செல்சியசைத் தாண்டாத வெந்நீரில் புட்டியை அமிழ்த்தி வைத்தல் வேண்டும். உறைபெட்டி எல்லா வீட்டிலும் இராது. எனினும் ஊர்ப் பால் சங்கத்தில் ஒன்றை வைப்பது பெருஞ்செலவன்று. அதில் சேர்க்க, தலையீற்றுப் பசுவினதைவிட மூன்று, நான்கு ஈற்றுக் கண்ட பசுவின் முதற்கறவையே ஏற்றது. பல நோய்களைக் கண்டு தேறிய அதன் உடலில் எதிர்ப்புப் புரதங்கள் பொதுவாக மிகுந்திருக்கும். புட்டியின்மேல் கறந்த நாளைக் குறித்து வைத்தல் போதும்.