பாட்டில் அரசியலைக் கலந்தவர் யார்?

நாட்டுப்புறப் பாட்டு கள்ளங்கபடமற்றது, களைப்புத் தீரப் பாடியது, அதில் அரசியலைக் கலந்து கெடுத்துவிட்டார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். நாட்டுப்புறப் பாடகர் கே.ஏ. குணசேகரனின் பாட்டைக் கேட்டு வளர்ந்த என்னால் இந்தப் பேச்சைப் பொறுக்க முடியவில்லை.

நாற்று நட்டுக்கொண்டே பாடியவளுக்குக் கூலி அளந்தது யார்? மரக்காலைக் குறைத்து அளந்தது யார்? சாவு வீட்டில் பறையடித்தவர் ஆசைப்பட்டா அடித்தார்? சாதி சுமத்திய வேலை அது. மறுத்தவரை ஊர் சும்மா விட்டதில்லை. இனி சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று தலித் இளைஞர்கள் ஊர் ஊராகச் சொல்லத் துணிந்ததற்குப் பின்னால் எத்தனை அடியும் வசவும் இருந்தன! இவ்வளவும் அந்தத் தாளத்துக்குள் ஏற்கெனவே இருந்தவை. மண்வாசனை என்று மூக்கை நீட்டுகிறவர்களுக்கு அந்த மண்ணில் யாருடைய வேர்வை விழுந்தது என்பது மட்டும் தெரிய வேண்டாம்.

குணசேகரன் 1955இல் இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் பிறந்தவர். இஸ்லாமியர் மிகுந்த இளையான்குடியில் தன்னை மனிதனாக நடத்தியதையும், சுற்றியுள்ள கிராமங்களில் சாதி துரத்தியதையும் ‘வடு’ என்ற தன்வரலாற்றில் அருகருகே வைத்து எழுதினார். அப்படி வளர்ந்த பிள்ளை தெம்மாங்கு மெட்டில் வேறு எதைப் பாட வேண்டும் என்கிறார்கள்?

கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது குணசேகரனின் குரல். கூட்டத்தில் அதைக் கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தப் பழைய பாட்டு அதனால் கெட்டது? ‘தன்னானே’ கலைக்குழுவோடு அவர் ஏறிய மேடைகளில்தான் பறைக்கும் பாட்டுக்காரர்களுக்கும் மரியாதை கிடைத்தது. பாடியதோடு நிற்கவும் இல்லை. பாடல்களைத் தொகுத்தார், ‘பலி ஆடுகள்’ நாடகம் எழுதினார், புதுச்சேரியில் நாடகம் கற்பித்தார், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஆய்வாளராகவும் பாடகராகவும் ஒருசேர இருந்த அவருக்கு எது மரபு, எது கலப்படம் என்று பாடம் சொல்ல இவர்கள் யார்?

2016 ஜனவரியில் அவர் மறைந்தார். அவருடைய மெட்டுகளை இன்று பாடகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பறையை மேடையேற்றிக் கைதட்டல் வாங்குகிறார்கள். சொற்களை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். அதுதான் கலப்படம். பாடுவதென்றால் சொல்லோடு பாடுங்கள், எழுதியவர் பெயரையும் பாடியவர் பெயரையும் மேடையில் சொல்லுங்கள்.