கடன் தருவோரின் வக்கீலும் வீடு வாங்குவோரும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. சென்னிமலையிலும் சிறுமுகையிலும் தறி நெய்பவராயினும், அன்னூரிலும் பல்லடத்திலும் தோட்டம் பார்ப்பவராயினும், சொந்த வீட்டைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணாதவர் நம் அங்கத்தினரில் இரார். அந்த எண்ணம் கைகூட இக்காலத்தில் வீட்டுக் கடன் வழி செய்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், கடன் மஞ்சூரானவுடன், “வங்கியே பத்திரங்களைப் பார்த்துவிட்டது; இனி வில்லங்கம் ஏது?” என்று நிம்மதி கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டுமென்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

கடனுக்கு விண்ணப்பித்தவுடன் நடப்பது யாது? கடன் தரும் ஸ்தாபனம், தன் பட்டியலில் உள்ள வக்கீல் ஒருவரிடம் பத்திரங்களை அனுப்புகிறது. அவர் தாய்ப் பத்திரங்களையும், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம், வரி ரசீது, மனைப்பிரிவின் அங்கீகாரம் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தம் சட்டக் கருத்துரையை எழுதுகிறார். அதற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் வாங்குபவரே செலுத்துகிறார். ஆனால் கருத்துரை செல்வதோ கடன் தருபவரிடம். பணம் கொடுத்தவர் கைக்கு அதன் நகல்கூட வராமற்போவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

இதில் வக்கீலின் குற்றம் ஒன்றுமில்லை. தம்மை நியமித்தவர் கேட்கும் கேள்விகளுக்கே அவர் விடை சொல்கிறார். அக்கேள்விகள் இரண்டு. இச்சொத்தின் மீது செல்லத்தக்க அடமானம் எழுத முடியுமா? கடன் நிலுவையானால் இதைத் தடையின்றி விற்றுப் பணத்தை வசூலிக்க முடியுமா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தால் ஸ்தாபனத்தின் காரியம் முடிந்தது. அதில் குடியிருந்து, தறி போட்டு, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல நினைப்பவரின் கேள்விகள் வேறு. அவற்றைக் கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

முப்பது ஆண்டுப் பத்திரங்களை ஏன் கேட்டு அலைக்கழிக்கிறார்கள் என்று அங்கத்தினர் பலர் வினவுகின்றனர். அது வீண் கெடுபிடி அன்று. அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க வழக்கிடுவதற்கும், அரசு தன் உரிமையைக் கோரி வழக்கிடுவதற்கும் 1908-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 60 ஆண்டுகள் தவணை கொடுத்திருந்தது. 1963-ஆம் ஆண்டின் சட்டம் அதனை 30 ஆண்டுகளாகக் குறைத்தது. எனவே முப்பது ஆண்டுகளின் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது பெருமளவுக்குப் போதிய காவலாகக் கருதப்படுகிறது.

இத்தனை ஆராய்ச்சி ஏன் தேவைப்படுகிறதென்றால், நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரமேயன்றி பாத்தியம் அன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்ததனாலேயே விற்றவருக்கு உரிமை இருந்ததென்று ஆகிவிடாது. வில்லங்கச் சான்றும் பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதியாத உயிலையும், வாய்மொழியாக நடந்த குடும்ப ஏற்பாட்டையும் அது காட்டாது. பதியாமல் பத்திரங்களை வைத்துப் பெற்ற கடனும் அதில் வராது. இக்கடைசிக் குறையை ஓரளவு நீக்கவே 2011 முதல் செர்சாய் என்னும் மையப் பதிவகம் இயங்கி வருகிறது.

இங்கிலாந்தில் இம்முறை வேறாக இருக்கிறது. அங்கே நிலத்தின் உரிமையே அரசின் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அதற்கு அரசு உறுதி நிற்கிறது. அதற்கும் மேலாக, வீடு வாங்குபவருக்கும் கடன் தருபவருக்கும் பெரும்பாலும் ஒரே வக்கீல் பணி செய்கிறார். கடன் தருவோர் அவரிடம் எதிர்பார்ப்பவை யாவும் ஒரு கையேடாக வெளியிடப்பட்டுள்ளன. அதன் முதற்பகுதி எல்லோருக்கும் பொது. இரண்டாம் பகுதி ஒவ்வொரு ஸ்தாபனத்தின் தனி நிபந்தனைகள். இருவருடைய நலனும் மோதுமிடத்தில் வக்கீல் விலகிக்கொள்ள வேண்டும். அம்முறையிலும் குறைகள் இருக்கலாம். ஆயினும், வாங்குபவரும் அங்கே வக்கீலின் கட்சிக்காரர் என்பதையும், நிபந்தனைகள் மறைபொருளாக இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

நம் கொங்குச் சீமையில் வாங்குபவருக்கு வரும் தொல்லைகள் எவை?

முதலாவது, குடும்பப் பாகம். தோட்டத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், தம் சகோதரியின் கையெழுத்து இல்லாமலே கிரயம் எழுதிவிடுகிறார். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த பெண்மக்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் ஆண்மக்களைப் போலவே பிறப்புரிமை ஏற்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் மணமான பெண்களுக்கும் அதனை விரித்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ நடந்த பாகப்பிரிவினைக்கு இதனால் பாதகமில்லை. ஆகவே வாரிசுச் சான்றில் எத்தனை பெயர், கிரயத்தில் எத்தனை கையெழுத்து, குறைந்தவர்களுக்கு விடுதலைப் பத்திரம் உண்டா என்று எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது. “தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்” என்ற உறுதிமொழி நீதிமன்றத்தில் செல்லாது. அந்தத் தங்கைக்கு நியாயமாகச் சேரவேண்டியதை அறியாமல் வாங்கிக்கொள்வதும் நமக்கு அழகன்று.

இரண்டாவது, நத்தம். நெசவாளர் தெருக்கள் பல கிராம நத்தத்தில் அமைந்தவை. பாட்டன் காலத்திலிருந்து குடியிருப்பு உண்டு. வீட்டு வரி ரசீது உண்டு. நத்தம் பட்டா உண்டு. ஆனால் முப்பது ஆண்டுப் பத்திரச் சங்கிலி கிடையாது. நாணயமான உரிமையாளரும் இதனால் கடன் பெறாமல் திரும்ப நேரிடுகிறது.

மூன்றாவது, மனை அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன்பின் 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகளை வகுத்தது. விற்பவர் காட்டும் வர்ணப் படத்தை நம்பாமல், வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, தடமும் கிணறும். நம் பக்கத்துப் பத்திரங்களில் வண்டித் தடப் பாத்தியமும், பொதுக் கிணற்றில் இத்தனையில் ஒரு பாகம் என்ற ஷரத்தும் பரம்பரையாக வருவன. அடுத்த பத்திரத்தில் எழுதுபவர் ஒரு வரியை விட்டுவிட்டால், வாங்கியவர் தம் வீட்டுக்குப் போக அயலாரிடம் கெஞ்ச வேண்டியதாகும். சொத்தின் விலை கடனுக்கு ஈடாக இருக்கும் வரையில், கடன் கொடுத்தவரை இது உறுத்தாமற்போகலாம். குடியிருப்பவருக்கோ இதுவே வாழ்வு.

இவை யாவற்றினும் பெரிய தவறு வரிசை மாறிச் செய்வது. நம்மவர் முதலில் முன்பணம் கொடுக்கிறார்கள். பிறகு மூன்று மாதத் தவணையில் கிரய ஒப்பந்தம் எழுதுகிறார்கள். அதன்பின் கடனுக்கு அலைகிறார்கள். கடைசியில்தான் வக்கீல் வருகிறார். அவர், “இன்னாருடைய விடுதலைப் பத்திரம் வேண்டும்” என்று எழுதும்போது தவணை முடியும் தறுவாயில் இருக்கும். விற்பவர் முன்பணம் போயிற்று என்பார். நகையை விற்றும் சீட்டை எடுத்தும் சேர்த்த பணம் இவ்வாறு அழிவதை நாம் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் தகாது.

கருத்துரை எழுதியவரிடம் ஈடு கேட்கலாமே என்று எண்ணுவோரும் உளர். வங்கிக்குக் கருத்துரை எழுதிய வக்கீல் ஒருவரின் வழக்கில், சதியில் பங்கு கொண்டாரென்பதற்குச் சான்று இல்லாதபோது, கவனக்குறைவை மட்டும் காட்டி அவரைக் குற்ற வழக்கில் சேர்க்க இயலாதென்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நேர்மையான தீர்ப்பே. கருத்துரை என்பது ஒருவருடைய ஆராய்ந்த கருத்தேயன்றி இன்ஷூரன்ஸ் அன்று என்பதை நாம் அதிலிருந்து உணர வேண்டும்.

ஆதலின் அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது இதுதான். முன்பணம் கொடுக்குமுன், நீங்களே அமர்த்தும் வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். பத்திரங்களைப் பரிசீலனைக்குக் காட்டுமாறு விற்பவரைக் கேட்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆம் பிரிவில், உங்களுக்குத் தந்திருக்கிறது. பாத்தியக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டணம் செலுத்திய கருத்துரைக்கு நகல் கேளுங்கள். கடன் தீர்ந்தபின் அசல் பத்திரங்களை 30 நாட்களுக்குள் தரவேண்டுமென்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 ஈடு தரவேண்டுமென்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டு, அவ்வாண்டு டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. அடமானம் பதிவாகியிருந்தால் தீர்வு ரசீதையும் பதிந்துகொள்ளுங்கள். இன்றேல் வில்லங்கச் சான்றில் பழைய கடன் நின்றுகொண்டேயிருக்கும்.

கடன் தரும் ஸ்தாபனங்களையும் வேண்டுகிறோம். உங்கள் நிபந்தனைகளைத் தமிழில் அச்சிட்டு விண்ணப்பத்தோடு கொடுங்கள். கருத்துரையின் நகலைக் கேளாமலே தாருங்கள். நத்தத்து வீடுகளுக்கு எந்தச் சான்றுகள் போதுமென்று முன்கூட்டியே அறிவியுங்கள்.

கூட்டுறவாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. பாத்தியத்தை ஆராய்ந்து நெடுங்காலக் கடன் தருவது நம் இயக்கத்துக்குப் புதிதன்று; சென்னையில் மத்திய நிலஅடமான வங்கி 1929-இலேயே தோன்றியது. ஒரு நெசவாளர் தனியே வக்கீல் அமர்த்துவது பாரமாயிருக்கலாம். நூறு பேர் சேர்ந்து அமர்த்துவது எளிது. ஒவ்வொரு சங்கமும் வாங்குபவருக்காகவே பத்திரம் பார்க்கும் வக்கீல் ஒருவரை மாதத்தில் ஒருநாள் வரவழைக்குமானால், பல குடும்பங்களின் கண்ணீர் தவிர்க்கப்படும்.

கையால் தொட்டு முறுக்குப் பாராமல் நாம் நூல் வாங்குவதில்லை. நீரோட்டம் பாராமல் கிணறு வெட்டுவதில்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டும் வீட்டை மட்டும் பிறர் கண்ணால் பார்த்து வாங்கலாகுமா?