நாய்க்கு நாம் பட்ட கடன்

நாயை நன்றியுள்ள பிராணி என்று புகழாதவர் இல்லை. ஆனால் நாய்க்கு நாம் நன்றி செலுத்தவேண்டிய சந்தர்ப்பமும் உண்டென்பதைச் சிலரே அறிவர்.

பிரியார்ட் என்பது பிரான்ஸ் தேசத்து இடையர்கள் ஆடு மேய்க்க வளர்த்துவந்த சடை நாய். ஸ்வீடனில் இந்த ஜாதி நாய்களிற் சில பிறவியிலேயே பார்வை குன்றியிருப்பதை 1989-ம் வருஷம் நிபுணர்கள் எடுத்துரைத்தார்கள். பெற்றோருக்கோ கண் நன்றாகவே தெரிந்தது! இது எப்படி?

ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஜீன்களை ஜோடி ஜோடியாகப் பெறுகிறது. ஜோடியில் ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். அத்தகைய மறைந்த பழுதுள்ள இரு நாய்கள் கூடினாலோ, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் குருடாவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வம்சப் பெருமையைக் கருதி நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினால் இந்த அபாயம் வளரும்.

ஆர்.பி.இ. 65 என்னும் இதே ஜீன் பழுதுபட்டால் மனிதக் குழந்தைகளும் பார்வையிழக்கின்றன. ஆகவே, அமெரிக்காவில் கார்னெல், பென்ஸில்வேனியா சர்வகலாசாலைகளைச் சேர்ந்த விஞ்ஞானிகள், தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் நல்ல ஜீனைக் குருட்டு நாய்களின் ஒரு கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் லான்ஸ்லட். சிகிச்சை பெற்ற கண்ணின் பக்கம் இருந்த தடைகளை அந்த நாய்கள் விலகி நடந்தன. மற்றப் பக்கத்தில் முட்டிக்கொண்டன. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? 2001-ம் வருஷம் இச்செய்தி வெளியாயிற்று. 2007-ல் மனிதரிடம் பரிசோதனை தொடங்கியது. 2017 டிசம்பரில் அமெரிக்க அரசாங்கம் அச்சிகிச்சையை அங்கீகரித்தது. அது பூரணப் பார்வை தருவதன்று. ஆயினும் மங்கிய வெளிச்சத்தில் தடுமாறிய குழந்தைகள் பலர் தாமாக நடக்கலானார்கள்.

நாய்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன? ஜாதி நாய்களைத் தாக்கும் பரம்பரைக் கண் வியாதிகள் பலவற்றுக்கு இன்று ஜீன் பரிசோதனை உண்டு. சிறிது இரத்தமோ கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த பஞ்சோ போதும். மறைந்த பழுதுள்ள நாயை வெறுக்கவேண்டியதில்லை; அதே பழுதுள்ள மற்றொன்றுடன் அதைச் சேர்க்காமலிருந்தால் குருட்டுக் குட்டி பிறவாது.

எனவே, நேயர்களே! ஜாதிக் குட்டி வாங்கப் போகிறவர்கள் பாட்டன் முப்பாட்டன் பெயர்களைக் கேட்பதோடு நில்லாமல், பெற்றோரின் கண் பரிசோதனைச் சான்றையும் கேளுங்கள். லான்ஸ்லட்டுக்குப் பட்ட கடனில் முதலைத் தீர்க்க முடியாவிட்டாலும், வட்டியாவது கட்டியதாகும்.