வேலிக்கு வைத்தியம்

வீட்டைச் சுற்றியுள்ள உயிர்வேலி வாடத் தொடங்கியதும் நம்மவர்களுக்கு இரண்டு பேருடைய ஞாபகந்தான் வருகிறது. ஒருவர் கடப்பாரைக்காரர், மற்றவர் கொத்தனார். வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மதில் எழுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வீட்டு எஜமானர் தீர்மானித்து விடுகிறார். எஜமானியம்மாளுக்கோ, பூஜைக்குச் செம்பருத்தியும் பண்டிகை நாளில் குழந்தைகளின் கைக்கு மருதாணியும் போய்விடுமே என்ற கவலை. இந்த வழக்கில் நான் அம்மாளின் கட்சி. மதிற்சுவர் காற்றைத் தடுக்கும். வேலியோ காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும். மண்ணையும் தன் வேரால் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேலி செத்துவிட்டதா என்பதை இலையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. இலையுதிர்ந்த கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பசுமையும் ஈரமும் தென்பட்டால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் அந்த இடம் போனதுதான். நுனியிலிருந்து அடிவரையில் இவ்விதம் சோதித்து வரவேண்டும். நுனி பட்டுப்போய் அடி பிழைத்திருப்பதைத்தான் பெரும்பாலும் காண்கிறோம்.

அடிப்பாகம் மொட்டையாகி மேலே மட்டும் தழைத்திருக்கும் வேலிக்குப் பெரும்பாலும் நோய் ஒன்றும் இல்லை. கத்தரிக்கோல் பிடித்தவருடைய கைவரிசைதான் அது! மேற்புறத்தை அகலமாகவும் கீழ்ப்புறத்தைக் குறுகலாகவும் வெட்டிக்கொண்டே வந்தால், மேலிலைகள் குடை பிடித்துக் கீழிலைகளுக்கு வெயில் படாமல் செய்துவிடுகின்றன. அடி அகன்று முடி குறுகிக் கோபுரம்போல் நிற்பதே வேலிக்கு ஆரோக்கியம்.

செம்பருத்தி வேலியில் இலை சுருண்டு, தண்டில் வெள்ளை மாவு அப்பியிருந்தால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அறியலாம். அதிலே பொல்லாத ஜாதி, பப்பாளி மாவுப்பூச்சி. மெக்ஸிகோ பக்கத்தைச் சேர்ந்த இந்த அழையா விருந்தாளி, 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் சூறையாடியதோடு வீட்டுச் செம்பருத்தியையும் விட்டுவைக்கவில்லை. ஜனங்கள் மருந்தை மாற்றி மாற்றித் தெளித்தார்கள். பூச்சியின் மேலுள்ள மெழுகுப் போர்வை மருந்தை உள்ளே விடவில்லை. கடைசியில், 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைச் சிறு குளவிகள் தருவிக்கப்பட்டன. எள்ளினும் சிறிய இக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகிறது. பொரித்த புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கிறது. நஞ்சினால் ஆகாத காரியம் குளவியினால் ஆயிற்று.

ஆகையால், மாவைக் கண்டவுடன் விஷ மருந்துக்கு ஓடாதீர்கள். அது நண்பனான குளவியையும் கொல்லும். மிகுதியாய்ப் பீடிக்கப்பட்ட நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். மற்றக் கிளைகளில் தண்ணீரைப் பீறிட்டு அடியுங்கள். தண்டில் ஏறும் எறும்புச் சாரியையும் தடுக்கவேண்டும். பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கிறது.

உயிருள்ள வேலியை மீட்க அரிவாளே சிறந்த மருந்து. மருதாணி, செம்பருத்தி, நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்த்துவிடும். மழை தொடங்கும் சமயத்தில் வெட்டி, வேரைச் சுற்றி மண்ணைக் கிளறி, மக்கிய சாண எருவிட்டு, சருகால் மூடிவையுங்கள். நலிந்த வேலியானால் இவ்வருஷம் பாதிக் கிளைகள், மறு வருஷம் மீதி என்று வெட்டலாம். நீலகிரி போன்ற குளிர்ப் பிரதேசத்துச் சைப்ரஸ் வேலிக்கு மட்டும் இந்த வைத்தியம் செல்லாது. இலையற்ற பழங்கட்டையில் அது துளிர்ப்பதில்லை.

வேர் அழுகி, அசைத்தால் கையோடு வரும் செடியைத் தயங்காமல் அப்புறப்படுத்தலாம். நீர் தேங்கியதால் அழுகிற்றென்றால் முதலில் வடிகால் வெட்டவேண்டும். இல்லாவிடில் புதுச் செடியும் அந்த வழியே போகும். இடம் வறண்டதாயின் கிளுவைக் கம்புகளை நட்டுப் பாருங்கள். கொங்கு நாட்டுக் குடியானவர்கள் காடுதோறும் நம்பும் வேலி அது.

அரிவாளை எடுக்குமுன் ஒன்று: வேலிக்குள்ளே தையல்சிட்டு இலையை மடித்துக் கூடு தைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை வேலையை ஒத்திவைக்கலாம். அதற்குச் சில வாரங்களே ஆகும்.