எட்டு மணி வேலையும் நாலு மணிப் பயணமும்

"சென்னைக்குப் போவதா, மும்பைக்குப் போவதா?" நெல்லையிலும், இராமநாதபுரத்திலும், விழுப்புரத்திலும் பிழைப்புத் தேடி மூட்டை கட்டும் இளைஞன் இன்றும் கேட்கும் கேள்வி இது. அவன் பாட்டனும் இதையேதான் கேட்டான். நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்குத் தோள் கொடுத்தார்கள். சென்னைக்கு வந்தவர்கள் பெரம்பூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தினார்கள். இரண்டும் கடற்கரைப் பட்டணங்கள். இரண்டும் உழைப்பாளியின் கையால் எழுந்தவை. இரண்டும் அவனை ஓரங்கட்டியே வளர்ந்தவை.

கேள்விக்கு விடை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. "எங்கே கூலி அதிகமோ அங்கே போ" என்பார்கள். சந்தையில் மாட்டை விற்பவன் இப்படிக் கணக்குப் பார்க்கலாம். பெண்டு பிள்ளைகளோடு வாழ நினைக்கும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு போதுமா? போதாது என்கிறோம் நாம். கூலியைக் கேட்பதற்கு முன்னால் அவன் கேட்க வேண்டியவை மூன்று. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை நாழிகைப் பயணம்? தண்ணீர் எங்கிருந்து வரும், மழைநீர் எங்கே போகும்? "காலி செய்" என்று நாளை அவனைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்து இரு பட்டணங்களையும் உரசிப் பார்ப்போம்.

முதலில் தூரம். இந்த வகையில் மும்பைக்குப் பெருமை உண்டு; மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று அங்கேதான், போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. இன்றும் நாள்தோறும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்களை அந்த நகரத்தின் மின்சார ரயில்கள் சுமக்கின்றன. விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ஏழை எளியவர் குறைந்த கட்டணத்தில் நகரத்தின் நடுவுக்கு வந்துவிடலாம். ஆனால் எப்படி வருகிறார்கள்? வாசற்படியில் ஒற்றைக் காலில் தொங்கி வருகிறார்கள்! தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டும், வண்டியிலிருந்து விழுந்தும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு ஈராயிரம் பேருக்கு மேல் மாண்ட ஆண்டுகள் பல. 2023 இலும் அப்படித்தான். போர்க்களத்தில்கூட இப்படிப் பலி கொடுப்பதற்குக் காரணம் கேட்பார்கள். வேலைக்குப் போகும் வழியில் செத்தவனுக்காகக் கேட்பார் யார்?

சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. நெரிசல் மும்பை அளவுக்கு இல்லை. ஊரும் அத்தனை நீளமில்லை. ஆனால் ரயில் போகும் இடத்தில் உழைப்பாளிக்கு வீடு கொடுத்தார்களா என்று பாருங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடியிருந்தவர்களை அள்ளிக் கொண்டுபோய் 20, 25 கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கினார்களே, அந்த இடங்களில் ரயில் நிலையம் உண்டா? பேருந்தே கதி. அது வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் அன்றைய கூலி போயிற்று. நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிக் குடும்பத்தைக் காத்த தாய்மார்கள் பலர் அந்த வேலையையே இழந்தார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் கட்டணம்தான் மிஞ்சுகிறது, நேரம் மிஞ்சுகிறதா?

இங்கே ஒரு கணக்கைப் போடுங்கள் தோழர்களே! போக இரண்டு மணி, வர இரண்டு மணி. நாளுக்கு நாலு மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் 100 மணி. எட்டு மணி வேலை நாள் கணக்கில் பன்னிரண்டரை நாள்! மாதத்தில் பன்னிரண்டரை நாளை ஊதியம் இல்லாமல் வழியிலே தொலைக்கிறான் தொழிலாளி. எட்டு மணி வேலைக்காக உலகமே போராடிற்று. அந்த மே தினத்தை 1923 இல் இந்திய மண்ணில் முதன்முதலாகக் கொண்டாடியது நம் சென்னைக் கடற்கரைதான்; கொண்டாடியவர் சிங்காரவேலர். அன்று ஆலைக்குள்ளே மீட்ட மணிகளை இன்று ஆலைக்கு வெளியே, சாலையிலே பறிகொடுக்கலாமா? மும்பையில் மாதம் நாலாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அதைக் கையில் வாங்கும்போது இந்த 100 மணியையும் எதிர்ப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் கணக்கு நேராகும்.

இரண்டாவது, தண்ணீர். குடிக்கும் தண்ணீரும், குடியைக் கெடுக்கும் தண்ணீரும்.

மும்பைக்குத் தண்ணீர் வருவது ஏழு ஏரிகளிலிருந்து. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூடக் குழாயில் வருகிறது. ஊருக்குத் தண்ணீர் உண்டு. ஆனால் ஊரார் எல்லாருக்கும் உண்டா? குறிப்பிட்ட தேதிக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குழாய் கிடையாது என்று நகராட்சி கைவிரித்தது. தண்ணீர் உயிர்வாழும் உரிமையின் பகுதி, அதை மறுக்கலாகாது என்று 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தாகத்துக்குத் தேதி பார்க்கும் கொடுமையை என்னென்பது!

சென்னையின் கதை வேறு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வானத்தைப் பார்த்து வாழ்பவை. 2019 கோடையில் நான்கும் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அன்று குடத்தோடு தெருவில் நின்றவர்கள் யார்? லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க முடிந்தவர்களா? இல்லை, நம் தாய்மார்கள்! மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இன்று இருக்கின்றன. நெம்மேலியில் 2024 இல் இரண்டாவது ஆலையும் சேர்ந்தது. நல்லதே. ஆனால் ஆலையில் ஊறும் நீர் உன் தெருக் குழாய்வரை வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் வீடு பிடிக்க வேண்டும்.

வெள்ளத்தில் இரு பட்டணமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை, மித்தி ஆறு ஊருக்குள் புகுந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு கரை உடைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் நீரில் நின்றன. இயற்கையின் சீற்றம் என்று சொல்லிக் கைகழுவுவார்கள். மித்தி ஆற்றின் கரையையும் கழிமுகத்தையும் மண்கொட்டி மேடாக்கியது இயற்கையா? ஐயாயிரம் ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியது இயற்கையாலா? தண்ணீருக்குச் சொந்தமான இடத்தில் மனிதன் மாளிகையும் கட்டினான், அலுவலகமும் கட்டினான். கடைசியில் ஆற்றங்கரையிலிருந்து விரட்டிய ஏழையையும் கொண்டுபோய் அந்தச் சதுப்பின் ஓரத்திலேயே குடிவைத்தான். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் வரும் இடத்துக்கே அனுப்பிய விந்தையை வேறெங்கே காண்பது!

மூன்றாவது, காலி செய்யச் சொல்லும் அதிகாரம். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான்.

மும்பையின் கிரண்காவ் என்னும் ஆலைக் கிராமத்தை எண்ணிப் பாருங்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே சால் என்னும் வரிசை வீடுகள். சங்கு ஊதினால் நடந்தே வேலைக்குப் போவார்கள். 1982 ஜனவரி 18 அன்று இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆலைகள் பிறகு ஒவ்வொன்றாக மூடின. ஆலை மூடிய பின் நிலம் யாருக்குப் போயிற்று? வானளாவும் மாளிகைகளுக்கும் கடைவீதிகளுக்கும் போயிற்று. தொழிலாளருக்கு வீடு என்றார்கள். விண்ணப்பித்தவர் லட்சத்துக்கு மேல். 2012 இல் முதல் குலுக்கலுக்கு வந்தவை ஏழாயிரத்துக்கும் குறைவான வீடுகள். உரிமையாகக் கேட்ட வீடு, பரிசுச் சீட்டாகி விட்டது!

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறது? இந்தியாவின் முதல் அமைப்பு ரீதியான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர்கள் பின்னி ஆலைத் தொழிலாளர்கள். அந்த ஆலை 1996 இல் மூடப்பட்டது. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடிகள் எழுகின்றன. அங்கே ஒரு வீடு வாங்க ஆலைத் தொழிலாளியின் பேரனால் முடியுமா?

மும்பையில் குழாய்ப் பாதையோரம் குடியிருந்தவர்களை மாகூலுக்கு அனுப்பினார்கள். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் இருக்கிறது மாகூல். காற்றே நஞ்சு என்று மக்கள் வழக்காடினர். அங்கிருந்து போக விரும்புவோருக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019 இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தாராவியிலோ, புதுப்பிக்கும் திட்டத்தில் 2000 ஆம் ஆண்டு தொடங்குமுன் தரைத்தளத்தில் குடியேறியவருக்கே அதே இடத்தில் இலவச வீடு என்கிறார்கள். மற்றவர் வெளியே! மாடியில் குடியிருந்தவன் மனிதனில்லையா? மாகூலும் பெரும்பாக்கமும் இரு மொழியில் எழுதப்பட்ட ஒரே உத்தரவு.

அப்படியானால் எந்தப் பட்டணம்? மழுப்பாமல் சொல்வோம். தனி ஆளாய், கைத்தொழில் கற்று, சில ஆண்டு உழைத்துத் திரும்ப நினைப்பவனுக்கு மும்பை இன்னும் வாய்ப்புள்ள ஊர். குடும்பத்தோடு வேர்விட நினைப்பவனுக்குச் சென்னையே மேல். வருமான வரம்பு பாராத நியாயவிலை அரிசி இங்கே உண்டு. மும்பை மாநகராட்சியும் தமிழ்வழிப் பள்ளி நடத்துகிறது என்றாலும், பிள்ளை மேலே படிக்க வழி இங்கே அகலம். ஆனால் சென்னை என்றால் வேலைக்கு ஒரு மணிக்குள் போகக்கூடிய சென்னை. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் நீர் நில்லாத சென்னை. குறைந்த வாடகை என்று தூரத்துப் பள்ளத்தில் போய் விழாதீர்கள். வீடு பிடிக்குமுன் அந்தத் தெருவின் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள்: "2015 இல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023 இல் எத்தனை நாள் நின்றது?" தரகர் சொல்லாததை அவர் சொல்வார். பத்து மாத முன்பணம் கேட்டால் சட்டத்தைக் காட்டுங்கள். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் உடன்பாட்டை வரிவரியாய்ப் படியுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1966 இல் மும்பையில் சிவசேனை தோன்றியபோது, "வேலையைப் பறிக்க வந்தவன்" என்று தென்னாட்டாரைப் பார்த்து முழங்கிற்று. தென்னாட்டார் நடத்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. அந்தச் சுடுசொல்லின் வலி நமக்குத் தெரியும். இன்று சென்னையில் சாரம் கட்டும் பீகாரித் தொழிலாளியைப் பார்த்து அதே சொல் நம் வாயில் வரலாமா? 2023 மார்ச்சில் பொய்ப் படங்களைப் பரப்பி அவர்களை அஞ்சி ஓடச் செய்தார்கள். தகரக் கொட்டகையில் பத்துப்பேராய் அடைபட்டுக் கிடக்கும் அவன் நம் வீட்டைப் பறித்தவன் அல்லன், அவனுக்கும் வீடில்லை. நிலத்தைப் பறித்தவன் வேறு.

ஊரைத் தேர்ந்தெடுப்பது தனி மனிதன் செய்யும் காரியம். ஊரைத் திருத்துவது எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். வழியில்லாமல் இல்லை. 1970 இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் தன் தொடக்க ஆண்டுகளில் என்ன செய்தது? குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. மீன் பிடிப்பவன் கடலோரத்திலேயே இருந்தான். மூட்டை தூக்குபவன் துறைமுகத்தின் பக்கமே இருந்தான். 2021 இல் வாரியத்தின் பெயர் மாறியது. பழைய நெறி திரும்ப வேண்டும் என்கிறோம்.

ஆகவே வார்டுதோறும் நம் தோழர்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது: இருந்த இடத்திலேயே வீடு கொடு. இடமே இல்லையென்றால் ஒரு மணிப் பயணத்துக்குள் கொடு. பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் வந்த பிறகே குடியேற்று. ஏரியையும் சதுப்பையும் இனித் தொடாதே. மூடிய ஆலையின் நிலத்தில் உழைத்தவனுக்கும் பங்கு வை. அடுத்த கிளைக் கூட்டத்தில் உங்கள் தெருவில் யார் யார் எத்தனை மணி நேரம் பயணம் செய்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். நகராட்சி உறுப்பினர் கையில் அதைக் கொடுங்கள். ஏட்டில் ஏறிய கணக்குக்குப் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.